கரண்டு போன நிமிஷம்

"படத்துல இருக்க கடிகாரம் எப்ப மாமா ஓடும்?"

தொண்ணூற்றாறாம் வருஷம் ஐப்பசியில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி கேட்ட கேள்வி இது. உத்தமபாளையம் கடைவீதியில் சம்சுதீனின் ஸ்டூடியோவில், படம் எடுப்பவர்களுக்குப் பின்னால் ஒரு திரை தொங்கும். அதில் பெரிய வீட்டின் கூடம் ஒன்று தீட்டியிருந்தது. மாடிப்படி, பூச்சாடி, சுவரில் ஒரு கடிகாரம். தீட்டியவர் பத்து மணி பத்து நிமிஷத்தில் முள்ளை நிறுத்திவிட்டுப் போயிருந்தார். பள்ளிக்கூடத்துக்குப் படம் எடுக்க வந்த சிறுமி ஸ்டூலில் உட்கார மறுத்து, கழுத்தைத் திருப்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறந்து ஒன்பது நாளான சம்சுதீனின் மகள் உள்ளறையில் கத்திக்கொண்டிருந்தாள். மனைவி லத்திபாவுக்குப் பிரசவக் காய்ச்சல். பால் வற்றிவிட்டது. டப்பாப் பால் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாளாக அந்த அழுகை குறைந்துகொண்டே வந்ததுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது.

சிறுமியின் தாய் இருளம்மாள் பின்சந்தில் குடியிருந்தவள். இடுப்பில் கைப்பிள்ளையோடு நின்றவள், படத்தை மறந்துவிட்டு உள்ளறைப் பக்கம் காதைக் கொடுத்தாள்.

"என்னண்ணே, பச்சப் புள்ள இப்பிடிக் கத்துது?"

அவர் சொன்னார்.

"இத வெளிய சொல்லாம வச்சிருந்தீகளாக்கும். இங்கன குடுங்க." இடுப்புப் பிள்ளையைச் சிறுமியிடம் தள்ளிவிட்டு, குழந்தையை வாங்கிக்கொண்டு அந்தத் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் கடைக்குள் சத்தம் அடங்கியது. சம்சுதீன் கேமராவைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பன்னிரண்டு நாள் வந்தாள். காலையில் ஒரு தரம், மதியம் ஒரு தரம், விளக்கு வைக்கும்போது ஒரு தரம். பதின்மூன்றாம் நாள் லத்திபா எழுந்து உட்கார்ந்தாள். இருளம்மாள் வருவதை நிறுத்தினாள். யாரும் நன்றி சொல்லவில்லை. அதற்கு ஏற்ற சொல் அந்த வீட்டில் யாரிடமும் இல்லை. ஒரு தாயிடம் பால் குடித்த குழந்தை அவளுக்கு மகள், அவள் பிள்ளைகளுக்கு உடன்பிறப்பு என்பது சம்சுதீன் சின்ன வயதில் ஓதிப் படித்த பாடம். மறு வருஷம் இருளம்மாளின் குடும்பம் கடமலைக்குண்டுக்குப் போய்விட்டது. அப்புறம் அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, இவரும் எடுக்கவில்லை.

பதின்மூன்று வருஷம் கழித்து அந்தச் சிறுமிக்கு, முத்துமாரிக்கு, கல்யாணம் கூடியபோது இருளம்மாள் சொல்லியனுப்பினாள்: "படம் நம்ம பாய் அண்ணன்தான் எடுக்கணும்."

*

ஆடி பிறந்தால் படக்காரனுக்கு ஓய்வு என்று ஊர் நினைக்கும். உண்மையில் அந்த ஒரு மாதத்தில்தான் வைகாசியிலும் ஆனியிலும் எடுத்துத் தள்ளிய கல்யாணங்களை ஆல்பமாக்க வேண்டும். சம்சுதீனின் மேசையில் ஏழு கல்யாணங்கள் கிடந்தன. கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் மணலாகிவிட்டது. நாற்பத்தெட்டு வயதில் முதுகு அறுபதைக் காட்டியது. இந்த வேலையை இன்று முடித்தால் நாளை இன்னொன்று இதே மாதிரி உட்கார்ந்திருக்கும் என்ற எண்ணமே பாதி உயிரை வாங்கியது.

அன்று அவர் எடுத்தது முத்துமாரியின் கல்யாணம். ஆனி மாத வெள்ளிக்கிழமை, உத்தமபாளையம் பைபாஸில் இருந்த ஒரு மகாலில் நடந்தது. மூன்று கேமராக்கள். ஒன்று அவருடையது. இரண்டாவது தேனியிலிருந்து சம்பளத்துக்கு அழைத்து வந்த ஆளுடையது. மூன்றாவது மாப்பிள்ளையின் அக்கா புருஷன் பலவேசத்தின் சின்ன கேமரா. "நம்ம வீட்டு ஆளுக எல்லாம் இதுலதான் இருக்காக, இதையும் சேத்துக்கங்க" என்று அவன் கொடுத்திருந்தான்.

மூன்றையும் ஒரே இடத்தில் கொட்டி, நேரவாரியாக அடுக்கு என்று கம்ப்யூட்டருக்குச் சொன்னார். அது அடுக்கியது. முதலில் மணப்பெண் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மணமேடையில் ஆள் இல்லை. பிறகு தாலி ஏறியது, அதற்கு அப்புறம் மாப்பிள்ளை அழைப்பு, கடைசியில் மறுபடியும் தாலி. இரண்டாயிரத்து முன்னூறு படங்களும் புயலில் சிக்கிய வைக்கோல் போல் கிடந்தன.

காரணம் பழகியதுதான். தேனிக்காரரின் கேமராவில் பேட்டரி செத்து, தேதி இரண்டாயிரத்து நாலு ஜனவரி ஒன்றுக்குப் போயிருந்தது. பலவேசத்தின் கேமரா காலையை ராத்திரி என்று எண்ணிக்கொண்டிருந்தது. பொதுவான ஒரு நொடியைக் கண்டுபிடித்து மூன்றையும் அதில் கட்ட வேண்டும். மாலை கழுத்தில் விழும் நொடியோ, ஒருவர் ஃபிளாஷ் இன்னொருவர் படத்தில் வெள்ளையாக விழுந்த நொடியோ, ஏதாவது ஒன்று. பிறகு மற்ற படங்களின் மணியை முன்னும் பின்னும் நகர்த்தினால் வரிசை வந்துவிடும். கஷ்டமான வேலை இல்லை. அலுப்பான வேலை.

நாலு நாள் முன்னால்தான் இருளம்மாள் வந்து போயிருந்தாள். கல்யாணம் முடிந்த ஒன்பதாம் நாள் மாப்பிள்ளை பிச்சைமணி லோயர்கேம்ப் வளைவில் வண்டியோடு விழுந்து காலை முறித்துக்கொண்டதையும், ஆடிக்குப் பெண்ணை அனுப்பிவிட்டதையும் சொன்னாள்.

"அவருக்கு முடியாம இருக்கையில இவ இங்கன வந்து ஒக்காந்திருக்கா. நான் இருந்து பாக்குறேன்னு அழுதாளாம். சம்பந்தியம்மா கேக்கல, போன்னுட்டாக. ஆடின்னா ஆடிதானண்ணே."

"அது சரிதான்."

"ஆவணி பொறந்ததும் கூட்டிட்டுப் போக வருவாக. அப்ப ஆல்பத்தையும் குடுத்துவிடணும். சீர்த் தட்டுல மேலாக்க அதத்தான் வைக்கப் போறேன். முடிச்சுருவீகளா?"

"முடிச்சுருவேன்மா."

அந்த வாக்குக்காகத்தான் ஆறு கல்யாணங்களைத் தள்ளிவைத்துவிட்டு இதை எடுத்தார். பாதி வேலையில் இருக்கும்போது பலவேசம் கடைக்குள் வந்தான்.

"பாய், அந்த ஆல்பத்த அப்படியே நிறுத்திருங்க."

"ஏன் தம்பி, படம் நல்லா வரலையா?"

"படம் நல்லாத்தான் இருக்கு. நீங்க போட்ட மணிதான் நல்லா இல்ல."

சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தான். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய சின்னப் பிரிண்டுகளில் ஒன்று. பிச்சைமணி குனிந்து தாலி கட்டுகிறான். மூலையில் ஆரஞ்சு நிறத்தில், தேதிக்குப் பக்கத்தில், 10:44.

சம்சுதீன் படத்தை எடுத்துக் கண்ணருகே பிடித்தார். அந்த ஆரஞ்சு எண் அங்கே இருந்திருக்கவே கூடாது. கல்யாணத்துக்கு முந்தின நாள், குமுளி மலைப்பாதையில் கவிழ்ந்த ஒரு லாரியை இன்சூரன்ஸுக்காகப் படம் எடுத்தார். அந்தப் படங்களில் தேதியும் மணியும் விழ வேண்டும் என்பது நிபந்தனை. விழவைத்தார். அணைக்க மறந்தார். கல்யாணத்தில் முன்னூறு படம் போனபிறகுதான் கவனித்தார். மூலையைக் கத்தரித்துக்கொள்ளலாம் என்று அப்போது சமாதானம் செய்துகொண்டார்.

"வெள்ளிக்கிழம பத்தரைக்கு மேல என்ன பாய்?" என்றான் பலவேசம்.

"ராகு காலம்."

"ஒங்களுக்கே தெரியுது. முகூர்த்தம் ஒம்போதுலேருந்து பத்தரை. பொண்ணு வீட்டு வேனு வீரபாண்டிகிட்ட பஞ்சராகி, ஒம்போதேமுக்காலுக்குத்தான் வந்து சேந்துச்சு. எப்பிடியோ உள்ளாற முடிச்சுட்டோம்னுதான் அத்தை நெனச்சிருந்தாக. மச்சான் விழுந்தாரா, மறுவாரம் ஒங்க படம் வந்துச்சா. கண்ணாடி போட்டு ஒருக்கா, கழட்டிட்டு ஒருக்கா பாத்தாக. அப்பறம் அந்தப் படத்தக் கவுத்தி வச்சுட்டாக."

அத்தை என்று அவன் சொன்னது மாமியாரை, மாப்பிள்ளையின் தாய் ஜக்கம்மாவை.

"இப்ப என்ன சொல்றாக?"

"என்னத்தச் சொல்றது. சண்ட இல்ல, சத்தம் இல்ல. ஆடிக்குன்னு அனுப்புனாக. ஆவணியில போய்க் கூப்புட மாட்டாக. அம்புட்டுத்தான். ராகுல ஏறுன தாலி என் பிள்ளைக்கு ஆகாதுன்னு வீட்டுக்குள்ள ஒரே ஒரு தரம் சொன்னாக."

"பொண்ணு வீட்டுக்கு?"

"தெரியாது. அவுக வாசலப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பாக, பாவம்."

சம்சுதீன் எழுந்து அலமாரியிலிருந்து கேமராவை எடுத்தார். இயக்கினார். கடையின் சுவர்க் கடிகாரம் நாலே கால். கேமரா நாலே முக்கால்.

மனைவியின் அண்ணன் மகன் சார்ஜாவிலிருந்து கொண்டுவந்து அவருக்கு விற்ற கேமரா அது. அந்த ஊர் மணி நம் மணியைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். மாற்ற உட்கார்ந்தபோது, மணியை மட்டும் இரண்டு தட்டுத் தட்டி ஏற்றினார். நிமிஷத்தை மாற்ற இன்னொரு பொத்தானை முப்பது தரம் அமுக்க வேண்டும். நிமிஷத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார். வளைகுடாவிலிருந்து கேமரா வரும் இந்தப் பக்கத்தில் பாதிப்பேர் செய்கிற காரியம்தான்.

"முப்பது நிமிசம் முன்னால ஓடுது தம்பி. பத்தே முக்கால்ல முப்பது போனா பத்தே கால்தான்."

பலவேசம் கேமராவை வாங்கிப் பார்த்தான். திருப்பிக் கொடுத்தான்.

"இன்னிக்கு முப்பது கூட ஓடுது. அன்னிக்கு எம்புட்டு ஓடுச்சுன்னு யாரு கண்டா? இத நான் போய்ச் சொன்னா, பொண்ணு வீட்டுக்காரவுக பாய வளைச்சுப்புட்டாகன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருவாக. எங்க அத்தைய ஒங்களுக்குத் தெரியாது."

"மகால்ல சுவர்க் கடிகாரம் இருந்துச்சே?"

"அதுமேலதான நான் தெர்மாகோல்ல பேரு வெட்டி ஒட்டுனேன்" என்றான் அவன். சிரிக்க முயன்று விட்டுவிட்டான்.

*

அவன் போனபின் சம்சுதீன் வெகுநேரம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது தரம் அமுக்கச் சோம்பிய ஒரு விரல், ஒரு பெண்ணின் வாழ்வில் வந்து விழுந்திருக்கிறது. அதுவும் யாருடைய மகள்.

எதிரே திரையில் மணி மாற்றும் கட்டம் திறந்தபடி இருந்தது. படங்களை வரிசைப்படுத்த எந்தப் பொத்தானை அழுத்துவாரோ, அதையே அழுத்தி 10:44-ஐ 10:14 ஆக்கலாம். மூலையில் அதே ஆரஞ்சு நிறத்தில் புது எண்ணைப் போட்டு, 'பழையது தப்பாக விழுந்த பிரிண்ட்' என்று கொடுக்கலாம். அரைமணி வேலை. கை பொத்தான்மேல் போனது.

கையை எடுத்துக்கொண்டார். முப்பது நிமிஷம் என்பது அவர் நம்பிக்கை. சாட்சி இல்லை. அன்று காலை அது உண்மையிலேயே முப்பதுதானா? இடையில் ஒருதரம் பேட்டரி மாற்றினாரே, அப்போது மணி அசைந்திருந்தால்? தாலி நிஜமாகவே பத்தரைக்கு மேல் ஏறியிருந்தால்? ராகு காலத்தை அவர் நம்புகிறவரில்லை. எல்லா நாழிகையும் படைத்தவனுடையது என்பது அவர் எண்ணம். ஆனால் நம்புகிற ஒருத்தியிடம் பொய்யைச் சொல்லி நல்லது செய்ய அவருக்கு மனம் வரவில்லை. பொய்யில் கட்டிய கடன் அடைந்த கடன் ஆகாது.

சாயங்கால அஸர் தொழுகையை முடித்துவிட்டு வந்து மறுபடி படங்களுக்குள் இறங்கினார். வேனிலிருந்து பெண் இறங்குகிறாள். மேடையில் அமர்கிறாள். ஐயர் ஹோமத்தில் நெய் விடுகிறார். இருநூற்றுப் பதினொன்றாம் படத்தில் மேடைக்குப் பின்னால் சீரியல் விளக்குகள் பச்சையும் சிவப்புமாக எரிகின்றன. இருநூற்றுப் பன்னிரண்டில் எரியவில்லை. கூடம் முழுக்க இருட்டு, அவர் ஃபிளாஷ் வெளிச்சத்தில் முகங்கள் மட்டும் வெளுத்திருந்தன. சிலர் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சம்சுதீன் நிமிர்ந்தார். கரண்டு போனது. அந்த வருஷம் தினமும் போனது. யாரும் அதைக் கணக்கிலேயே வைத்துக்கொள்ளவில்லை. ஜெனரேட்டர் போட நாலைந்து நிமிஷமானது. அதற்குள் பந்திக்காரர்கள் கூச்சல் போட்டார்கள்.

அவர் கேமராவில் விளக்கு அணைந்தது 10:28. தாலி 10:44. நடுவே பதினாறு நிமிஷம்.

தேனிக்காரரின் படங்களைத் திறந்தார். அங்கேயும் ஒரு படத்தில் விளக்கு உண்டு, அடுத்ததில் இல்லை. ஜனவரி ஒன்று, 2:11. தாலி 2:27. பதினாறு.

பலவேசத்தின் கேமரா. விளக்கு அணைந்தது இரவு 9:49. தாலி, இரவு 10:05. பதினாறு.

மூன்றும் தப்பான கடிகாரங்கள். ஒன்றுகூட மணியைச் சரியாகச் சொல்லவில்லை. ஆனாலும் கரண்டு போனதற்கும் தாலி ஏறியதற்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று கேட்டால் மூன்றும் ஒரே பதிலைச் சொல்லின. கரண்டு போன நிமிஷம் மட்டும் தெரிந்தால் போதும். அதை எழுதிவைத்திருக்கிற ஒரே இடம் அவருக்குத் தெரியும்.

*

துணைமின்நிலையத்தில் பகல் பணியில் இருந்தவர் சங்கரலிங்கம். சம்சுதீனின் வகுப்புத் தோழர். விசாரணையைக் கேட்டதும் சிரித்தார்.

"ஊரே கரண்டு எப்ப வரும்னு போன் பண்ணுது. எப்பப் போச்சுன்னு கேட்டு வந்த மொத ஆளு நீதான்யா பாய்."

"எழுதிருப்பீகள்ல?"

"எழுதாம. போனதும் வந்ததும் நிமிசத்தோட எழுதணும். ஊருல யாரும் படிக்காத புஸ்தகம் அது." தடித்த பதிவேட்டை எடுத்து எச்சில் தொட்டுப் புரட்டினார். "ஆனி... வெள்ளிக்கிழம... இந்தா. ரெண்டு லைனு. டவுன் லைனு ஒம்போது அம்பத்தெட்டுக்குப் போயிருக்கு. கிராமத்து லைனு பத்து இருபத்தெட்டுக்கு."

சம்சுதீன் பதிவேட்டின் மேல் குனிந்தார். பத்து இருபத்தெட்டு. அவர் கேமரா காட்டிய அதே மணி. மகால் கிராமத்து லைனில் இருந்தால், கேமரா சரி. தாலி பத்து நாற்பத்து நாலு. ஜக்கம்மா சொன்னது சரி. பைபாஸுக்கு இந்தப் பக்கம் டவுன், அந்தப் பக்கம் வயல். மகால் எந்தப் பக்கத்துக் கம்பியில் தொங்குகிறது?

"என்னய்யா மொகம் செத்துப்போச்சு? ஒக்காரு."

"பைபாஸ் மகாலு எந்த லைனு?"

சங்கரலிங்கம் மேலே பார்த்து யோசித்தார். அந்த யோசனை ஒரு ரமலான் நோன்புப் பகல் அளவு நீண்டது.

"முந்தி கிராமத்துலதான் இருந்துச்சு."

"இப்ப?"

"கல்யாணத்துல ரெண்டு தரம் கரண்டு போயி மொதலாளி இங்கன வந்து கத்துனாருல்ல, அதுல போன வருசமே டவுனுக்கு மாத்தியாச்சு. நாந்தான் கூட நின்னு மாத்துனேன். ஏன்யா, அழுவுற?"

"கண்ணு எரியுது. கம்ப்யூட்டரு."

ஒன்பது ஐம்பத்தெட்டும் பதினாறும். பத்து பதினாலு. ராகு காலத்துக்குப் பதினாறு நிமிஷம் மீதி. சம்சுதீனுக்குப் பழைய திரையின் கடிகாரம் நினைவுக்கு வந்தது. பத்து பத்து. பதின்மூன்று வருஷத்தில் அது நாலு நிமிஷம் ஓடியிருக்கிறது என்று அந்தக் குழந்தையிடம் இப்போது சொல்லலாம்.

சங்கரலிங்கம் ஒரு துண்டுத்தாளில் அந்த வரியைப் பார்த்து எழுதிக் கொடுத்தார். "கையெழுத்தெல்லாம் போட மாட்டேன். நம்பலைன்னா நேருல வந்து புஸ்தகத்தப் பாக்கச் சொல்லு. டீயும் வாங்கித் தாரேன்."

*

ஜக்கம்மாவின் திராட்சைத் தோட்டம் சுருளிப்பட்டிக்குப் போகிற வழியில் இருந்தது. மறுநாள் காலை சம்சுதீன் மொபெட்டில் போய் இறங்கியபோது அவள் பந்தலுக்கு அடியில் குனிந்து, குலைகளில் அழுகின பழங்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். அறுபது வயதிருக்கும். பந்தல் தாழ்வானது. தோட்டத்துக்குள் யாரும் நிமிர்ந்து நடக்க முடியாது. அவரும் குனிந்துகொண்டே போனார்.

"ஆல்பம் வேணாம்னு சொல்லிவிட்டேனே பாய்."

"சொன்னாரும்மா. நான் ஆல்பத்துக்கு வரல. ஒரு தப்பு பண்ணிட்டேன், அதச் சொல்ல வந்தேன்."

அவள் கத்தரியை நிறுத்தவில்லை. அவர் சொன்னார். சார்ஜா கேமராவை, இரண்டு தட்டை, தட்டாத முப்பதை. மறைக்காமல் சொன்னார்.

"பொண்ணு வீட்டுல அனுப்புனாகளா?"

"அவுகளுக்கு ஒண்ணுமே தெரியாது. தெரிஞ்சா வெள்ளந்தியா நேரா ஒங்ககிட்டதான் வந்து கேப்பாக."

அது அவளுக்கு உண்மை என்று பட்டிருக்க வேண்டும். கத்தரி நின்றது. அவர் ஆறு படங்களை எடுத்துப் பழக்கூடையின் மேல் பரப்பினார். கேமராவுக்கு இரண்டு. ஒன்று விளக்கணைந்த படம், ஒன்று தாலி. ஒவ்வொன்றின் பின்னாலும் அந்தக் கேமரா காட்டிய மணியை அப்படியே எழுதியிருந்தார்.

"என் மணிய நம்ப வேணாம்மா. இந்த ரெண்டு உங்க மருமகன் எடுத்தது. அதையும் நம்ப வேணாம், பகல ராத்திரிங்குது. நடுவுல எம்புட்டு நேரம், அத மட்டும் பாருங்க."

ஜக்கம்மா இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டாள். உதட்டை அசைத்து எண்ணினாள். மூன்று ஜோடியையும் எண்ணினாள். பிறகு துண்டுத்தாளை வாங்கிப் படித்தாள். அப்புறம் விளக்கணைந்த படங்களில் ஒன்றைக் கண்ணருகே கொண்டுபோனாள். மேடை ஓரத்தில் ஒரு கிழவி கையை நீட்டி யாரையோ ஏசிக்கொண்டிருந்தாள்.

"இது நானு."

"ஆமாம்மா."

"மேளக்காரன ஏசுறேன். கரண்டு போனா மேளத்துக்கென்னடா கேடு, கைதானடா அடிக்குது, நேரம் போகுது அடிங்கடான்னு." விரலைப் படத்தில் நகர்த்தினாள். "பக்கத்துல ஐயரு ரிஸ்ட் வாச்சப் பாத்துட்டு, ஆத்தா அரைமணிக்கு மேல கெடக்கு, பதறாதீகன்னாரு. இப்ப ஞாபகம் வருது. காதுல கேட்டதுதான். அந்தச் செவப்பு எழுத்தப் பாத்ததும் எல்லாம் மறந்துபோச்சு."

அவள் வரப்பில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபிறகு அவ்வளவு பெரிய மனுஷியாகத் தெரியவில்லை.

"எங்க வீட்டுக்காரரு போனதும் ஒரு வெள்ளிக்கிழம ராகு காலத்துலதான் பாய். இவன் விழுந்தான்னு போன் வந்தப்ப எனக்குக் கை காலு ஓடல. எதையாச்சும் ஒண்ணப் புடிச்சுக்கிட்டாத்தான் நிக்க முடியும்போல இருந்துச்சு. அந்தப் புள்ளையப் புடிச்சுக்கிட்டேன்." சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தாள். "மாமா மாமான்னு அவன் கட்டிலையே சுத்திச் சுத்தி வந்தா. போடீன்னு வேன்ல ஏத்திவிட்டேன்."

சம்சுதீன் பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் வெட்கப்படும்போது முகத்தைப் பார்க்கக்கூடாது என்பது அவர் தகப்பனார் வழக்கம்.

"ஊருக்குள்ள என்ன சொல்லுவேன் பாய்?"

"என்னத்துக்குச் சொல்லணும்? புள்ள ஆடிக்கு ஆத்தா வீட்டுக்குப் போயிருக்கு. ஆவணியில வரப்போகுது. ஊருக்கு அம்புட்டுத்தான தெரியும்."

"அந்தம்மாவுக்கு?"

"அதுக்கும் அம்புட்டுத்தான்."

"நீங்க சொல்லிற மாட்டீகளே?"

"என் வாயில வராது. என் தப்பும் அதுலதான இருக்கு."

ஜக்கம்மா அவரை முதல்முறையாக நேராகப் பார்த்தாள்.

"ஒரு கேமராவுக்காண்டி கரண்டு ஆபீசு வரைக்கும் அலஞ்சிருக்கீக. அவுக ஒங்களுக்கு என்ன ஒறவா?"

அவர் படங்களைச் சேர்த்து உறையில் வைத்தார்.

"ஆல்பத்த முடிக்கணும்லம்மா" என்றார்.

*

ஆவணி மூன்றாம் தேதி மதியம் இருளம்மாள் வந்தாள். கையில் ஒரு பை திராட்சை.

"ஆல்பத்துக்கு ரெண்டு நா முந்திக்கிட்டாகண்ணே. ஆவணி ஒண்ணாந்தேதி விடியக்காலமே கார எடுத்துக்கிட்டு சம்பந்தியம்மாவே வந்துட்டாக. கட்டுப் போட்ட காலோட மாப்பிள்ளையும். ஒரு பட்டுச் சேல, ஒரு கூட திராட்ச. வந்தவுக மாரியக் கட்டிப்புடிச்சு அழுதாக பாருங்க, எனக்கே ஒண்ணும் புரியல. ஒரு மாசத்துல இம்புட்டுப் பாசமான்னு மலச்சுப்போனேன்."

"நல்ல மனுசி."

"எல்லாம் மாரியாத்தா குடுத்தது. வீரபாண்டிக் கோயிலுக்கு நேந்துக்கிட்டேன்ல." அவள் கடையைச் சுற்றிப் பார்த்தாள். "முந்தி இங்கன ஒரு தெர கெடக்குமே, கடிகாரம் போட்டது?"

"கிழிஞ்சுபோச்சு. எடுத்தாச்சு."

"அதப் பாத்துக்கிட்டு இவ ஒக்காரவே மாட்டேன்னா" என்றாள். அதற்கு மேல் அந்த நாட்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நினைவிருந்ததா, இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. கொடுத்தவர்கள் மறந்துபோவது அல்லாஹ் அவர்களுக்குச் செய்யும் உபகாரமாக இருக்கலாம்.

ஆல்பத்தைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். பிரித்து ஒரு பக்கம் பார்த்தாள். எல்லாம் வரிசையாக இருந்தன. பெண் வந்து இறங்கினாள், மாலை விழுந்தது, விளக்கு அணைந்தது, தாலி ஏறியது, பந்தி நடந்தது.

"இருட்டுப் படத்தையும் போட்டுருக்கீக?"

"கெடக்கட்டும்மா. அன்னிக்கு நடந்ததுதான."

அவள் பஸ்ஸுக்குப் போனாள். லத்திபா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வர இன்னும் நேரமிருந்தது. கடைக்கு யாரும் வரவில்லை. சம்சுதீன் திராட்சையில் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, கேமராவை மேசைமேல் வைத்தார். நிமிஷப் பொத்தானை எண்ணி இருபத்தொன்பது தரம் அமுக்கினார். முப்பதாவது தட்டுக்கு முன் நிறுத்தி, சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள் பன்னிரண்டுக்கு வரும்வரை விரலைப் பொத்தானில் வைத்தபடி காத்திருந்தார்.